ஹிமாவாரியைப் பேணுவோருக்கு ஒரு மடல்

ஜப்பான் வானிலை முகமையின் செயற்கைக்கோள் பணியாளர்களுக்கு,

மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே உள்ள தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரை நினைத்து நீங்கள் எதையும் செய்திருக்கமாட்டீர்கள். இருந்தும் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இது பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் சூழ்ந்திருந்த வட்டாரம். மரம் வெட்டிப் பால் எடுப்பவர்களின் கூலி மழையின் கையில் இருந்தது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்துவிடும்; வெட்டியபின் பெய்தாலோ மங்குக் கிண்ணத்தில் சேர்ந்ததும் தண்ணீரோடு போய்விடும். அதிலும் பொல்லாதது ‘சுமத்ரா’. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியுமுன் வரிசையாகக் கரையேறும் சூறைக்காற்றும் இடிமழையும் அது. வேலைக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். அந்நாளில் வாசலில் நின்று மேற்கே மின்னல் பார்ப்பதே பலருக்கும் முன்னறிவிப்பு.

இன்று அந்த மேகவரிசை கடலில் இருக்கும்போதே கைப்பேசியில் பார்த்துவிடுகிறேன். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் உங்கள் ஹிமாவாரி-9 செயற்கைக்கோள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் இந்தப் பக்கத்தைப் படமெடுக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களையும் பதிவதால் இருட்டு அதற்குத் தடையில்லை. 2015இல் ஹிமாவாரி-8 பணிக்கு வரும்வரை முழு வட்டப் படம் மணிக்கொன்றுதான். ஒரு மணி நேரத்துக்குள் இடிமேகம் எழுந்து கொட்டித் தீர்த்துவிடும் எங்கள் பகுதிக்கு இது பெரிய வித்தியாசம். அதே ஆண்டு இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக் காடுகள் எரிந்தபோது, எங்கள் மூச்சை அடைத்த புகையையும் வானிலிருந்து பின்தொடர முடிந்தது.

ஜப்பானிய மக்களின் வரிப்பணத்தில் எடுத்த படங்கள் இவை. அவற்றை எங்கள் வானிலைத் துறைக்கும் பிற நாடுகளுக்கும் விலையின்றித் தருகிறீர்கள். இல்லாமையும் உங்களுக்குத் தெரியும். 1999இல் உங்கள் புதிய செயற்கைக்கோள் ஏவுதலிலேயே அழிந்தது. பழைய ஹிமாவாரி-5 தளர்ந்தபோது அமெரிக்கா தன் கோஸ்-9 செயற்கைக்கோளை மேற்குப் பசிபிக்குக்கு நகர்த்தித் தந்தது. 2003 முதல் 2005 வரை அதுவே உங்களுக்குக் கண். அடிப்படை வானிலைத் தரவுகளைக் கட்டணமும் தடையும் இன்றிப் பகிர வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 1995இல் நிறைவேற்றிய 40ஆம் தீர்மானம், இப்படிப்பட்ட நாட்களில்தான் தன் பொருளைக் காட்டியது.

மழைத்தரவு காசாகும் காலம் இது. வரவிருக்கும் ஹிமாவாரி-10 காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்கும் என்கிறார்கள். அதன் தரவையும் இதேபோல் திறந்து வையுங்கள்.

வெறும் நன்றியோடு நாங்கள் நின்றுவிடக் கூடாது. வானிலிருந்து கணித்த மழையைச் சரிபார்க்க, தரையில் விழுந்த மழையின் அளவு வேண்டும். எங்கள் பேராக் மாநிலத்தின் மழைமானிகள் பதிவதை இன்னும் தாராளமாக உலகுக்குத் திறந்து வைக்கும்படி எங்கள் அரசிடம் கேட்பேன். நாங்கள் உங்களுக்குத் தரக்கூடிய கைம்மாறு அதுதான்.


தஞ்சோங் ரம்புத்தான் வாசி ஒருவர்