உதவி எவ்வளவு தூரத்தில்?

மாஸ்டா மியாட்டா இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதன் டிக்கியின் கொள்ளளவு 130 லிட்டர்தான். டிக்கியில் எங்கே தேடினாலும் ஸ்டெப்னி கிடைக்காது. பஞ்சரை அடைக்கும் திரவம் ஒரு பாட்டிலில் இருக்கும், காரிலிருந்தே மின்சாரம் எடுத்துக் காற்றடிக்கும் சிறிய பம்ப் ஒன்று இருக்கும், அவ்வளவே. 1989-இல் வந்த முதல் மியாட்டாவின் டிக்கியில் மெலிந்த ஸ்டெப்னி ஒன்று இருந்தது. 2005-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போதைய நான்காம் தலைமுறையிலும் அது திரும்பி வரவில்லை. கலிஃபோர்னியாவில் இந்தக் காரை ஓட்டும் நான், கம்பெனி தராத ஸ்டெப்னியைத் தனியாகத் தேடி வாங்கி, தொலைதூரப் பயணங்களில் கூடவே எடுத்துப் போகிறேன். இந்தக் காரில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் ஒரு சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவது பலருக்கு வியப்பாக இருக்கிறது. எனக்கு அது அவசியம் என்று படுகிறது.

முதலில் காரைச் செய்தவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும். மியாட்டாவின் அருமையே அதன் எடைக்குறைவில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறையை உருவாக்கிய தகாவோ கிஜிமாவின் குழு, உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைக்கூட விடாமல் கிராம் கிராமாக எடையைக் குறைத்தது. அப்படி உழைப்பவர்களின் கண்ணுக்கு, ஜாக்கியும் ஸ்பேனருமாகச் சேர்ந்து பதினைந்து கிலோ வரை போகும் ஸ்டெப்னி தப்புமா? வளைவில் கார் திரும்பும் அந்தச் சுறுசுறுப்பை அனுபவித்தவன் என்ற முறையில், அவர்கள் குறைத்த ஒவ்வொரு கிராமுக்கும் நான் நன்றியுள்ளவன்.

ஸ்டெப்னியை எடுத்துவிடும் வழக்கம் ஸ்போர்ட்ஸ் காரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2006 மாடல் கார்களில் 5 சதவீதம்தான் ஸ்டெப்னி இல்லாமல் வந்தன. 2015 மாடல்களில் அது 36 சதவீதமாகிவிட்டது என்று வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ கணக்கிட்டுச் சொன்னது. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம் என்பது காரணம். இந்தியாவிலும் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனத்துக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் பழைய டயரை வாசலில் தொங்கவிட்ட பஞ்சர் கடை அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அங்கே இந்த விதி பெரிய கஷ்டம் எதையும் கொடுக்காது.

ஸ்டெப்னியை எடுத்த ஒவ்வொரு வடிவமைப்பாளரும், உதவி பக்கத்திலேயே இருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த முடிவை எடுத்திருக்கிறார். பெரும்பாலோருக்கு, பெரும்பாலான நாட்களில், அது சரியான அனுமானம். அந்தப் பெரும்பாலோரில் இன்றைக்கு நானும் ஒருவனா என்பதை மட்டும் அவரால் அறிய முடியாது.

மோட்டார் பந்தயங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். ஃபார்முலா ஒன் கார் ஸ்டெப்னி எடுத்துப் போவதில்லை. ஒரு சுற்று முடிந்தால் பிட்டில் டயரோடு ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். உலக ராலி பந்தயத்திலோ கார்கள் வழக்கமாக ஒரு ஸ்டெப்னியாவது சுமக்கின்றன. கென்யாவின் சஃபாரி ராலி போன்ற கரடுமுரடான பாதை என்றால் இரண்டைக்கூட ஏற்றுவார்கள். அங்கேயும் கிலோ கூடினால் விநாடி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டுப் பாதையின் நடுவே டயர் கிழிந்தால் ஓட்டுநரும் பக்கத்தில் இருப்பவரும்தான் இறங்கி மாற்ற வேண்டும். வேறு யாரும் வர மாட்டார்கள். ஆகவே, ஸ்டெப்னி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது காரின் வேகமோ விலையோ கிடையாது. கைக்கு எட்டும் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

மோட்டார் கார்கள் வந்த புதிதில் எல்லாச் சாலையும் காட்டுப் பாதைதான். அன்றைய கார்களும் ஸ்டெப்னி இல்லாமலேயே விற்கப்பட்டன. பஞ்சரானால் தெருவிலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், 1904-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஆரக்கால் இல்லாத ரிம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வி இறுக்கிவிடலாம். பிறகு வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் ஐந்தாவது சக்கரத்தை மறைக்கவும் இல்லை. 1945 முதல் 1949 வரை தயாரான எம்ஜி டிசி காரில் அது பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நிற்கும். இடம் போதாத போர்ஷே 911, காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கும் ஸ்டெப்னியையும் அதை ஊத ஒரு பம்பையும் பல ஆண்டுகள் முன்பக்க டிக்கியில் சுமந்தது. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட், காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்களை நம்பி ஸ்டெப்னியைக் கைவிட்டது. அவ்வகை டயர் பொதுவாகக் காற்றே இல்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகும். அதற்குள் ஒரு டயர் கடை வந்தாக வேண்டும்.

நான் விரும்பி ஓட்டும் சாலையில் அப்படி வராது. நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலை அது. 1986-இல் லைஃப் பத்திரிகை அதை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று வர்ணித்தது. ஃபாலன் என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊரான ஆஸ்டின் சுமார் 175 கிலோமீட்டர். அங்கிருந்து யுரேகா 110 கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்புறம் ஈலி இன்னும் 120-க்கு மேல். வெள்ளையாக வறண்டு கிடக்கும் ஏரிப் படுகைகள், ஒன்றன்பின் ஒன்றாக எழும் மலைத்தொடர்கள், கணவாய் ஏறி இறங்கினால் அடிவானம் வரை நேராக ஓடும் தார் ரோடு. கூரையைத் திறந்துவிட்டு இந்தச் சாலையில் போவதற்கென்றே மியாட்டாவைச் செய்தார்களோ என்று தோன்றும். பல இடங்களில் கைப்பேசியில் சிக்னல் இருக்காது. இழுவை வண்டி வந்தாலும், அது கொண்டுபோய்ச் சேர்க்கும் சிற்றூரில் பெரிய பிக்கப் லாரிகளுக்கான டயர் கிடைக்கலாம். என் காருக்கு வேண்டிய 205/45 ஆர்17 இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

பாட்டில் திரவம் போதாதா என்று கேட்பார்கள். தரையில் படும் பகுதியில் சின்ன ஆணி குத்தினால் போதும். ஊற்றி, காற்றடித்து, உடனே ஓட்டத் தொடங்கினால் திரவம் உள்ளே பரவித் துளையை அடைக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தாலோ, ரிம் நெளிந்தாலோ, டயர் வெடித்தாலோ அந்தப் பாட்டிலால் பயனில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு எளிதில் நேரக்கூடியது இந்த வகைச் சேதம்தான். பக்கவாட்டு உயரம் குறைந்த டயரில், குழியின் விளிம்பில் படும் அடியைத் தாங்க ரப்பர் கொஞ்சம்தான் இருக்கிறது. ரிம் கிட்டத்தட்ட நேரடியாக அடி வாங்குகிறது.

எந்தச் சக்கரத்தை வாங்குவது என்பதற்கு அளவுகோல் உண்டு. என் காரில் நான்கு போல்ட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். முந்தைய தலைமுறையில் ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர், அந்தச் சக்கரம் இதில் உட்காராது. போல்ட் பொருந்தினாலும் முன் பிரேக் காலிப்பரில் ரிம் உரசக் கூடாது. ஆகவே வாங்கியதும் முன் சக்கர இடத்தில் மாட்டிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். மெலிந்த ஸ்டெப்னிக்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், சாதாரண டயருக்கு வைப்பதைப் போல இரு மடங்கு. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று முக்கியம். ஸ்டெப்னியின் விட்டம் மற்ற சக்கரங்களைவிடக் குறைவு. பின்சக்கரங்கள் இழுக்கும் காரில், அதுவும் இரு பின்சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள காரில், அதைப் பின்னால் மாட்டினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். நேர்ச்சாலையிலேயே டிஃபரன்ஷியல் ஓயாமல் தேய்ந்து சூடாகும். அதனால் பின் டயர் போனால் முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் போட வேண்டும். மியாட்டாவில் நான்கும் ஒரே அளவு என்பதால் இது முடிகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு டயர் உள்ள கார்களில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஜாக்கியும் கம்பெனி கொடுத்திருக்காது என்பதால் தாழ்வான காருக்கு அடியில் நுழையும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், மண்ணில் புதையாமல் ஜாக்கிக்குக் கீழே வைக்க ஒரு பலகை எல்லாம் சேர்த்துத்தான் ஸ்டெப்னி.

இவ்வளவும் சேகரித்த பிறகு என் மனைவி கேட்ட கேள்விதான் திட்டத்தை முழுமையாக்கியது. "ஏங்க, இதை மாட்டிடுவீங்க, சரி. கழட்டின பெரிய சக்கரத்தை எங்க வைப்பீங்க? நானும் உட்காரணுமே?" மெலிந்த சக்கரம் இருந்த இடத்தில் அகலமான சக்கரம் போகாது. பக்கத்து இருக்கையில் வைத்தால் அவளுக்கு இடமில்லை. வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி, டிக்கியில் வைத்துப் பார்த்தோம். பைகளை எல்லாம் வெளியே எடுத்தால் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து நாங்கள் கெட்டியான பெட்டி கொண்டுபோவதில்லை. மடித்துக் கால்மாட்டிலும் மடியிலும் வைத்துக்கொள்ளக்கூடிய துணிப் பைகள், இரண்டு நாள் உடை, நிறையத் தண்ணீர். ஸ்டெப்னியின் நடுத்துளை வழியாகப் பட்டையை நுழைத்து, ஆட்டிப் பார்த்தாலும் அசையாதபடி இறுக்குகிறோம். கட்டாத சக்கரம் திடீர் பிரேக்கில் தானே ஓர் ஆபத்தாகிவிடும்.

நகரத்துக்குள் ஓடும் நாட்களில் ஸ்டெப்னி கராஜில் இருக்கிறது. அங்கே காரைச் செய்தவர்களின் அனுமானம் சரி. எடையில்லாத காரின் சுகத்தை நான் ஏன் இழக்க வேண்டும்? மலை தாண்டும் பயணம் என்றால், கிளம்பும் முன் வரைபடத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்க்கிறேன், பிறகு முடிவெடுக்கிறேன். சாலையோரத்தில் தண்ணீரும் நிழலும் இல்லாமல் யாரோ வருவார்கள் என்று காத்திருக்கும் நிலைமையை, என்னை நம்பி ஏறியவருக்கு நான் உண்டாக்கக் கூடாது. பதினைந்து கிலோ கூடினால் வளைவில் கார் சற்று மந்தமாகும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் கார் எதுவாக இருந்தாலும், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்று சோதியுங்கள். பாட்டில்தான் இருக்கிறது என்றால் அதன் காலாவதித் தேதியைப் படியுங்கள். சில ஆண்டுகளில் அந்தத் திரவம் கெட்டுவிடும். பிறகு, போகிற வழியில் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் வழியை அறியாமல் காரைச் செய்தவர்கள், அந்த முடிவை உங்களிடம்தான் விட்டிருக்கிறார்கள்.