கராஜில் கேட்ட மன்னிப்பு

மாலை நேர மதரஸாவில் என் எதிரே அமரும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தவறு செய்தால் முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்லலாம். இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். அந்தப் பாடம் எவ்வளவு கனமானது என்பது சென்ற ஆண்டு என் வீட்டுக் கராஜில், ஒரு பழைய காரின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

காயல்பட்டினத்திலிருந்து லண்டனின் ஹாரோ பகுதிக்கு நாங்கள் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. என் மூத்த மகனுக்கு வயது பதினேழு. வீட்டில் அவனுக்கும் எனக்கும் இடையே பேச்சு குறைந்துகொண்டே வந்தது. தொழுதாயா, படித்தாயா என்று நான் கேட்பேன். அவன் ஒரு சொல்லில் விடை தருவான். அவன் முகம் மலரும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: கார் எஞ்சின். ஆகவே, நெடுநாள் சேர்த்த பணத்தில் 1990ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்றை வாங்கினோம். 1.8 லிட்டர், 16 வால்வு எஞ்சின்.

குடும்பத்துக்கு ஏற்ற சிறு காரில் வலுவான எஞ்சினைப் பொருத்துவதை இந்நாட்டில் ‘ஹாட் ஹேட்ச்’ என்பார்கள். 1976இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயும், 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயும் இந்த வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவை. அவற்றை வீட்டுக் கராஜிலேயே பிரித்துக் கோப்பது பிரிட்டனில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

மகனின் ஆசை, அந்த எஞ்சினுக்கு நான்கு தனித்தனி த்ராட்டில் பாடிகளைப் பொருத்த வேண்டும் என்பது. த்ராட்டில் என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றைத் திறந்து மூடும் கதவு. எங்கள் கார் போன்றவற்றில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவாகவே காற்றுக்கு வாயில் இருக்கும். உள்ளே நுழையும் காற்று ஒரு பெட்டியில் தங்கி, அங்கிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் பிரிந்து செல்லும். தனி த்ராட்டில் முறையிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் வாயருகிலேயே ஒரு கதவு உண்டு. 1986இல் வந்த பிஎம்டபிள்யூவின் முதல் எம்3 தொழிற்சாலையிலிருந்தே இவ்வாறு வெளிவந்தது. கேம் ஷாஃப்டை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் குதிரைத்திறன் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் கதவுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள தொலைவு குறைவதால், கால் அசைந்தவுடனே எஞ்சின் மறுமொழி சொல்லும்.

இது நான்கு நட்டுகளைக் கழற்றி மாட்டும் வேலை அன்று. அந்தக் காரின் பழைய எரிபொருள் அமைப்பில், உள்ளே வரும் காற்று ஒரு தட்டை உயர்த்தும்; அதற்கேற்பப் பெட்ரோல் அளக்கப்படும். அது முழுவதும் நீங்கி, மின்னணு இன்ஜெக்டர்களும் அவற்றை ஆளும் கணினியும் வர வேண்டும். எஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது என்பதைக் கணினி அறிய, கிராங்க் புல்லியில் 36 பற்களுக்கு ஒன்று குறைவான சக்கரம் ஒன்றைப் பொருத்தினோம். அந்தப் பல் இல்லாத இடைவெளிதான் கணினிக்கு அடையாளம். தனி த்ராட்டில்களில் உறிஞ்சழுத்தம் நிலையாக இராது. ஆகையால் கதவு எவ்வளவு திறந்துள்ளது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் கொண்டே பெட்ரோல் அளவு முடிவாகிறது.

இவற்றினும் முக்கியமானது பிரேக். பிரேக் மிதியை மெதுவாக்கும் சர்வோ, எஞ்சினின் உறிஞ்சழுத்தத்தால் இயங்குவது. நான்கு வாய்களிலிருந்தும் மெல்லிய குழாய்களை இழுத்து ஒரு சிறு கலத்தில் சேர்த்து, ஒருவழி வால்வு மூலமாக அதைச் சர்வோவுக்குக் கொடுத்தோம். இதை அலட்சியம் செய்தால் தேவைப்படும் நேரத்தில் மிதி கல்லாகிவிடும். த்ராட்டிலை மூடும் ஸ்பிரிங்குகளும் இரண்டாக இருந்தன. ஒன்று முறிந்தாலும் மற்றது கதவை மூடும்.

எனக்கு ஓய்வு ஞாயிறு பகலில் மட்டுமே. பழைய மேனிஃபோல்டைக் கழற்றியதும் திறந்து கிடந்த வாய்களில் நான்கு துணிகளை அடைத்தான் மகன். “உள்ள போட்டது நாலு வாப்பா, வெளிய எடுக்கும்போதும் நாலு எண்ணணும்” என்றான். அவன் கவனம் எனக்கு வியப்பளித்தது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் பணி என்னுடையது. முடித்ததும் அவன் கேட்டான்: “ஒரு தடவை லைட் அடிச்சுப் பார்த்துடலாமா வாப்பா?” மஃரிபுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. “நான் பார்த்துவிட்டேன்” என்று சொல்லி மேனிஃபோல்டை ஏற்றிவிட்டேன். நட்டுகளை முறுக்கியவன் அவன்.

சில வாரங்கள் கழித்து எஞ்சினை முதன்முறை இயக்கினோம். பிடித்துக்கொண்டது, ஆனால் சீராக இல்லை. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று போதும். இதுவோ 1800க்குக் கீழே இறங்க மறுத்தது. ஏறி ஏறித் தாழ்ந்தது. நான்கு கதவுகளையும் முழுவதும் மூடினாலும் அதே நிலை. எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது என்று பொருள். நான் மகனைப் பார்த்துச் சொன்னேன்: “நட்டை ஒழுங்காக முறுக்கியிருக்க மாட்டாய். எதிலும் உனக்குக் கவனம் கிடையாது.”

அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பின் இரண்டு ஞாயிறுகள் கராஜுக்கு வரவே இல்லை. “புள்ளைய என்ன சொன்னீங்க?” என்று என் மனைவி கேட்டபோது, எஞ்சின் பற்றித்தான் பேசினோம் என்றேன். அது பொய் அன்று; உண்மையும் அன்று.

மூன்றாம் ஞாயிறு நான் தனியே போனேன். எஞ்சினை ஓடவிட்டு, தெளிப்பானில் நீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் மெல்லத் தெளித்தேன். முதல் இரண்டில் மாற்றமில்லை. மூன்றாம் சிலிண்டரின் கீழ்ப்பக்கம் நீர் பட்டதும் எஞ்சின் தடுமாறி, பிறகு மீண்டது. நட்டுகளைச் சோதித்தேன், அனைத்தும் உரிய இறுக்கத்தில் இருந்தன. மேனிஃபோல்டைக் கழற்றி விளக்கைப் பிடித்தேன். மூன்றாம் வாயின் அடியில் நகக்கண் அளவுக்குப் பழைய கேஸ்கெட் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுரண்டாமல் விட்ட துண்டு. அவன் லைட் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்ட அதே இடம்.

வாசகர்களே, அந்த நேரத்தில் என் மனத்தில் முதலில் எழுந்தது வருத்தம் அன்று. யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிட்டு மாட்டிவிடலாமே என்ற எண்ணம்தான். எஞ்சின் சரியாகிவிடும், அவனும் மறந்துவிடுவான். மதரஸாவில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் நான் என்ன சொல்வேன் என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது.

துண்டைச் சுரண்டாமல் அப்படியே விட்டு, மாடிக்குப் போய் அவனை அழைத்து வந்து காட்டினேன். “இது என் பிழை. நீ பார்க்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை. பழியையும் உன்மேல் போட்டேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் நெடுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “ஸ்கிரேப்பர் எங்க வாப்பா?” என்று கேட்டான். அவ்வளவுதான்.

அன்று மாலை நான்கு கதவுகளையும் சமப்படுத்தினோம். காற்றளவு காட்டும் சிறு கருவியை ஒவ்வொரு வாயிலும் மாறி மாறி வைக்க வேண்டும். ஒருவர் முள்ளைப் படிக்க, மற்றவர் திருகைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனியொருவர் செய்யக் கடினமான வேலை. அவன் எண் சொன்னான், நான் திருப்பினேன். இரண்டு வாரங்களில் பேசாததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எண்களாகப் பேசினோம். எஞ்சின் ஆயிரத்தில் நின்றது.

பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுசென்று, சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டுப் பெட்ரோல் அளவுகளைத் திருத்தினோம். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றம் ஒவ்வொன்றையும் எழுதித் தெரிவித்தோம், கட்டணம் கூடியது. மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேஸ்கெட் துண்டுக் கதையை அவருக்குச் சொன்னேன். ஆண்டுத் தகுதிச் சோதனையில், 1986 ஆகஸ்டு முதல் 1992 ஜூலை வரை பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கார் தேறியது, அல்ஹம்துலில்லாஹ்.

தனி த்ராட்டில்களின் ஒலி பெரிது. அண்டை வீட்டாரை எண்ணி, காலை பத்து மணிக்கு முன்னர் நாங்கள் அதை இயக்குவதில்லை. இப்போது எந்த வேலையை முடித்தாலும் மகன் விளக்கை எடுத்து என் கையில் தருகிறான். நானும் மறுபேச்சின்றி வாங்கிப் பார்க்கிறேன்.