தனி ஆள், ஒரு தீக்குச்சி

பாறை மறைவில் என் சின்ன கேஸ் அடுப்பு. கையில் தீப்பெட்டி. குச்சியை உரசப் போன நேரத்தில் யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். "ஆக்கி நோ" என்றது ஒரு பெண் குரல். இங்கே கூடாது.

இடம், சிலி நாட்டின் தென்கோடியில், பட்டகோனியா பிரதேசத்தில் இருக்கும் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்கா. எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு டம்ளர் டீ.

நான் தனியாகத்தான் போயிருந்தேன். சில நாட்களாவது யாருக்கும் பதில் சொல்லாமல் நடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. வீட்டில் எதிர்ப்பு. "வழி தவறினால் நான்தானே அலைவேன், பட்டினி என்றால் நான்தானே கிடப்பேன், இதில் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்று வாதாடிவிட்டுக் கிளம்பினேன்.

புன்டா அரேனஸ் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, பஸ்ஸில் சுமார் 250 கி.மீ. போனால் புவெர்த்தோ நத்தாலெஸ் என்ற சிறு ஊர். பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கேதான் ரொட்டியும் கேஸ் சிலிண்டரும் வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் காலை பூங்கா பஸ்ஸில் ஏறினேன். மரமே இல்லாத புல்வெளி. திடீரென்று ஒரு மேட்டின் உச்சியில் குவானாக்கோ ஒன்று நின்றது. ஒட்டகத்துக்கு உறவு, ஆனால் திமில் கிடையாது. செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நீண்ட கழுத்து. சுற்றிலும் வேறெதுவும் இல்லை. அதுவும் என்னைப் போலத் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெஹோயே ஏரியைப் படகில் கடந்து, அக்கரை முகாமில் கூடாரம் அடித்தேன். டிசம்பர் மாதம் என்பதால் இரவு பத்து மணி வரை வெளிச்சம். தூக்கத்தைக் கெடுத்தது வெளிச்சமல்ல, காற்று. கோடையில் இங்கே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசுவது சாதாரணம். விடிய விடிய கூடாரத்தை யாரோ கோணிப்பை போல உதறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நடந்த பாதை ஒரு ஏரிக்கரையை ஒட்டியே போனது. வழியெல்லாம் மரங்கள், ஆனால் இலை இல்லை, பட்டை இல்லை. எலும்பு நிறத்தில் வெறும் கட்டைகள். கடுங்குளிரில் பட்டுப்போன மரங்கள் என்று நினைத்தேன். காற்றில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. டீ போடலாம் என்று பாறை மறைவில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கை வந்து பிடித்தது.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும். அவரோடு நடந்துவந்த பிரேசில் மாணவர் அவருடைய ஸ்பானிஷை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஆசிரியை கோபப்படவில்லை. அந்த வெள்ளைக் கட்டைகளைக் காட்டினார். "குளிர் இல்லை, தீ" என்றார்.

இந்தப் பூங்காவில் மூன்று பெரும் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. 1985இல் ஒன்று. 2005இல் தடை செய்யப்பட்ட இடத்தில் கூடாரம் போட்ட ஒரு பயணியின் கேஸ் அடுப்பு சரிந்து இன்னொன்று. 2011 டிசம்பர் கடைசியில் தொடங்கி புத்தாண்டைத் தாண்டியும் எரிந்தது மூன்றாவது. கடைசி விபத்தில் மட்டும் 17,000 ஹெக்டேருக்கு மேல் நாசம். மூன்றுக்கும் காரணம் ஒவ்வொரு பயணியின் கவனக்குறைவு என்றுதான் சொல்லப்படுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இங்குள்ள லெங்கா மரங்கள் மெதுவாக வளர்பவை. எரிந்த காட்டை நட்டு வளர்க்க இன்னும் பாடுபடுகிறார்கள்.

முகாம்களில் அதற்கென்று ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அந்த விதியை நான் படித்திருந்தேன். படித்தும், ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்க இரண்டு நிமிடம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். 2005இல் அந்தப் பயணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நஷ்டம் என்னோடு போகும் என்று வீட்டில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் தீப்பெட்டியைப் பையின் அடியில் புதைத்தேன்.

ஆசிரியை தன் பிளாஸ்கைத் திறந்தார். முகாமிலேயே நிரப்பிய வெந்நீர். ஒரு சிறு குடுவையில் மாத்தே இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழல் ஒன்றைச் செருகி நீட்டினார். ஒரே குடுவை, ஒரே குழல், மூன்று வாய். அண்ணாந்து குடித்துப் பழகிய, எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு கணம் தயங்கினேன். குளிர் ஜெயித்தது. கசப்பாக, சூடாக, அமிர்தமாக இருந்தது. நன்றியோடு "கிராசியாஸ்" என்று குடுவையைத் திருப்பித் தந்தேன்.

அடுத்த சுற்று என்னைத் தாண்டிப் போனது. அதற்கடுத்ததும். என் முகத்தைப் பார்த்து மாணவர் சிரித்தார். மாத்தே குடிக்கும்போது "கிராசியாஸ்" சொன்னால் போதும் என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். எனக்கு மறுபடியும் குடுவை வந்தது. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த அவலை நனைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அடுப்பே தேவைப்படாத சாப்பாடு என்பதில் ஆசிரியைக்கு ஏகப்பட்ட திருப்தி.

அப்புறம் மூவருமாக நடந்தோம். பேச்சுவாக்கில் மேட்டின் மேல் தனியாக நின்ற குவானாக்கோ பற்றிச் சொன்னேன். ஆசிரியை தலையை ஆட்டி மறுத்தார். அது காவலுக்கு நின்றிருக்கும், மந்தை மேட்டுக்குப் பின்னால் மேய்ந்திருக்கும் என்றார். பூமா வந்தால் குதிரை கனைப்பது போலக் கத்தி எச்சரிப்பது அதன் வேலை.

அன்று மாலை முகாமின் சமையல் கொட்டகையில், நாலு சுவருக்குள், என் அடுப்பைப் பற்றவைத்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஆசிரியை பக்கத்திலேயே நின்று, அடுப்பை அணைத்த பிறகுதான் டம்ளரை வாங்கினார்.

மூன்று நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் பிரிந்தோம். அதுவரை குடுவை எத்தனையோ முறை என் கைக்கு வந்திருக்கிறது. ஒரு தடவைகூட நான் வாய் திறக்கவில்லை. பஸ் வந்த பிறகுதான் "கிராசியாஸ்" சொன்னேன்.