எட்டு எட்டு எட்டு

உலகத்தின் முதல் வெப்கேம் பார்த்துக்கொண்டிருந்தது காபியை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில், 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். மற்ற மாடிக்காரர்கள் ஆசையாக இறங்கி வந்தால் பாத்திரம் காலி. அலுத்துப்போய் 1991-ல் அதன் எதிரே ஒரு கேமராவை நிறுத்திவிட்டார்கள். அவரவர் திரையில் 128-க்கு 128 புள்ளிகளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். காபி இருக்கா, இல்லையா என்பது மட்டும் தெரியும். 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்து உலகமே வேடிக்கை பார்த்தது. 2001 ஆகஸ்ட் 22-ல் கேமராவை அணைத்தார்கள். மெஷினை 'ஷ்பீகல் ஆன்லைன்' என்ற ஜெர்மன் பத்திரிகைக்காரர்கள் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தார்கள். காபி இல்லாமல்தான்.

அங்கே கேமரா வெறும் ஜன்னல். 'இருக்கு', 'இல்லை' என்று தீர்ப்புச் சொன்னது மனிதக் கண். அந்தத் தீர்ப்பையும் கேமராவிடமே விட்டால் என்ன பாடு என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சில சனிக்கிழமைகள் பார்த்தேன்.

அங்கே எலக்ட்ரானிக் தராசு செய்கிறார்கள். காய்கறிக் கடையில் பார்த்திருப்பீர்கள், கடைக்காரருக்கு ஒரு டிஸ்ப்ளே, நமக்குப் பின்பக்கம் ஒன்று. (நம் பக்கத்து டிஸ்ப்ளேயை மறைத்துக் கொத்துமல்லிக் கட்டு வைத்திருப்பார்கள், அது வேறு கதை.) சிவப்பு எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. எட்டுக்கு ஏழும் எரிய வேண்டும். நடுக்கோடு செத்துப்போனால் எட்டு பூஜ்யமாகிவிடும். வலது மேல்கோடு போனால் எட்டு ஆறாகும், ஒன்பது ஐந்தாகும். கடைக்காரர் பக்கம் 1.8 கிலோ, நம் பக்கம் 1.6 கிலோ என்றால் கோயம்பேட்டில் ஒரு நல்ல சண்டைக்குப் போதும். அதனால்தான் தராசை ஆன் செய்தவுடன் வரிசையாக எட்டு எட்டாகக் காட்டுகிறது. எல்லாக் கோடும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. நாம் பார்ப்பதில்லை.

பட்டறையில் அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார். திருவள்ளூரிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறவர். ஒன்பது வருஷமாக எட்டுகளைப் பார்க்கிறார். எடைக்கல்லை வைக்க வேண்டும், முன்பக்கம் பார்க்க வேண்டும், பின்பக்கம் பார்க்க வேண்டும், டிக் அடிக்க வேண்டும். சாயங்காலம் தலைவலி. முதலாளிக்கு யாரோ வெப்கேம் யோசனை சொல்ல, வேலை என் அக்கா பையனிடம் வந்தது. "ரெண்டு நாள் வேலை மாமா" என்றான். ஆறு வாரம் ஆயிற்று.

முதலில் வெட்டுதல். கேமரா தரும் படம் 1280-க்கு 720, மொத்தம் 9,21,600 புள்ளிகள். அதில் எண்கள் இருக்கும் பட்டை 400-க்கு 90, அதாவது 36,000. நூறில் நாலு பங்கு. மிச்சத்தில் தராசின் மூடி, மேஜை, யாரோ வைத்த டீ கிளாஸ். அந்தப் பட்டையை மட்டும் கத்தரித்துக் கொடுக்க நாலு எண்கள் போதும்: இடதிலிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம். பள்ளிக்கூட கிராஃபில் ஒய் மேலே போகும், கம்ப்யூட்டர் படத்தில் கீழே போகும். ஏன் என்று கேட்டால் பழைய டி.வி. குழாயில் கோடுகள் மேலிருந்து கீழே விழுந்த கதைக்குப் போக வேண்டும், விட்டுவிடுவோம். தராசை வைக்கிற கை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் முதல் எண் பாதியோடு வெட்டுப்படும். இதற்கு மென்பொருளில் பெரிய வைத்தியங்கள் உண்டு. பையன் மேஜையில் இரண்டு மரக்கட்டைகளை ஆணியடித்து முடித்துவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த தலைவலி கேமராவின் புத்திசாலித்தனம். முகம் பார்த்துப் பேசுவதற்காகச் செய்த சாமான் அது. கை குறுக்கே வந்தால் கையை ஃபோகஸ் செய்யும். திரை பளிச்சென்று எரிந்தால் தானாக இருட்டாக்கும். சோதனைக்கு இதெல்லாம் வேண்டாத வேலை என்று ஒவ்வொன்றாகப் பூட்டினான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் விநாடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. கேமராவோ அமெரிக்க 60 ஹெர்ட்ஸுக்குத் தயாராக வந்திருந்தது. படத்தில் பட்டை பட்டையாக ஓடியது. அதையும் மாற்றினான்.

அப்புறம்தான் வேடிக்கை. எல்லாம் சரியாக வைத்தும் ஆறு எட்டுகளில் இரண்டு காணவில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கிறது, படத்தில் இல்லை. விஷயம் இதுதான்: அந்த எண்கள் ஒரே சமயத்தில் எரிவதே இல்லை. ஒன்று எரிந்து அணைந்து அடுத்தது, பிறகு அடுத்தது என்று வேகமாகச் சுற்றி வருகின்றன. நம் கண் மந்தம், அதனால் எல்லாம் சேர்ந்து எரிவதாக நினைத்துக்கொள்கிறது. கேமராவின் கண் சட்டென்று மூடித் திறந்ததால் பாதிச் சுற்றில் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் கூடத் திறந்து வைக்கச் சொன்னதும் ஆறும் வந்தன.

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கேமரா, ஒரே கம்பெனி, ஒரே மாடல், உள்ளே எழுதியிருந்த சீரியல் நம்பர்கூட ஒன்றே. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் எல்லாத் தராசும் ஃபெயில். கம்ப்யூட்டர் எந்தக் கேமராவை முதலில் கண்டதோ அதுதான் ஒன்றாம் நம்பர். முன்பக்கக் கத்தரிப்பைப் பின்பக்கப் படத்தில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. எந்த யு.எஸ்.பி. துளையில் செருகியது என்பதை வைத்து அடையாளம் காணும்படி பையன் மாற்றினான். அந்த அம்மா தன் பங்குக்கு ஒரு கேமராவின் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். எது முன், எது பின் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு தினமும் காலை பத்தரைக்கு மேல் ஒரு மணி நேரம் ஃபெயில் குவிந்தது. பையன் மூன்று நாள் நிரலைத் துழாவினான். நாலாம் நாள் அந்த அம்மா, "தம்பி, அந்த நேரத்துல ஜன்னல் வழியா வெயில் வரும்ல? கண்ணாடி மேல பட்டு கூசும். நான் தராசை இப்படி லேசாத் திருப்பி வெச்சுப் பார்ப்பேன்" என்றார், இடது கையை அசைத்துக் காட்டி. ஒன்பது வருஷமாகத் திருப்பியிருக்கிறார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு கூண்டு செய்து தராசை மூடினார்கள். பழைய ஸ்டூடியோவில் போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவாரே, அது மாதிரி.

கேமரா பாஸ் போட்ட ஒரு தராசை அவர் தனியே எடுத்து வைத்ததையும் பார்த்தேன். "நடுக்கோடு எரியுது சார். ஆனா சோகையா எரியுது. கடைக்குப் போனா ஆறு மாசம் தாங்காது." பையன் அந்தப் படத்தை விரித்துப் பார்த்தான். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணினால் மற்ற கோடுகள் 200-க்கு மேல், இது 130. எரிகிறதா என்று மட்டும் கேட்கும்படி எல்லையை 100-ல் வைத்திருந்தான். அன்று மாலைக்குள் எல்லை மாறியது. பக்கத்துக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விதி ஒன்றும் சேர்ந்தது.

இப்போது கேமராதான் பார்க்கிறது. புது மாடல் வரும்போது மட்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று அந்த அம்மா மவுஸைப் பிடித்துத் திரையில் கட்டம் போட்டுக் காட்டுகிறார், ஓரங்களில் அரை எண் அளவுக்கு இடம் விட்டு. "ஒட்ட வெட்டினா நாளைக்கு நமக்குத்தான் கஷ்டம்" என்கிறார், ரவிக்கைத் துணி வெட்டுகிறவர் மாதிரி.

முதலாளியிடம், அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். "பண்ணணும் சார், பார்ப்போம்" என்று டீ சொன்னார். அந்த அம்மாவிடமும் பேசினேன். தலைவலி போய்விட்டதாம். "ஒரு சந்தேகம் சார்" என்றார், பையன் காதில் விழாமல். "எனக்குத் தெரிஞ்சது இன்னும் நாலஞ்சு இருக்கு. எல்லாத்தையும் தம்பிகிட்ட சொல்லிடலாமா?"

நான் கொஞ்சம் யோசித்து, சம்பள விஷயம் முடிகிறவரை ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா பையன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.