பூவரசங்கட்டையில் ஒரு சக்

அம்பாசமுத்திரத்து மரச்செப்பை வைத்து விளையாடாத பெண் நம் பள்ளியில் அநேகமாக இருக்கமாட்டாள். குட்டிக் குடம், உரல், ஆட்டுக்கல், திருகை என்று நாம் பரப்பி வைத்த அந்தச் சாமான்கள் எல்லாம் கடைசல் எந்திரத்தில் சுழன்று உருவானவை. சுழலும் மரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கட்டில் கால் என்றால் கவலையில்லை. இரண்டு முனையிலும் கூர்முனைகளை அழுத்தி நிறுத்திவிடலாம். குங்குமச் சிமிழுக்கு அது சரிப்படாது. உள்ளே குடைய வேண்டுமானால் ஒரு முனை திறந்திருக்க வேண்டும். ஆகவே மறுமுனையை மட்டும் கவ்விக்கொள்ள ஒரு பிடி தேவை. அதற்குப் பெயர்தான் சக். இரும்பில் நான்கு தாடை வைத்து விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டு அப்பா பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் தாத்தா இரும்புச் சக் இல்லாமலேயே ஐம்பது வருடம் கடைந்தவர். ஒரு கட்டையில் குழி குடைந்து, கடைய வேண்டிய மரத்தை அதற்குள் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுவார். பிறகு எந்திரத்தைச் சுற்றவிட்டு, மரம் ஆடுகிறதா என்று கண்ணால் பார்ப்பார். ஆடினால் நிறுத்தி ஒரு தட்டு, மறுபடி சுற்றல். அந்தக் 'கண்ணால் பார்ப்பது'தான் இப்போது முடியவில்லை. கண் நீர் அழுத்த நோய் வந்து ஓரப் பார்வை குறைந்துவிட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்து விடுவது என் வேலை.

ஐம்பது சிமிழுக்கு வந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்திரத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்று தாத்தா சொன்ன அன்று ஆச்சி சாப்பிடவில்லை.

உளி பிடிக்கும் கை அவருக்குத் தளரவில்லை. மரம் ஆடுகிறதா என்பதை உளியின் அதிர்விலேயே சொல்லிவிடுவார். ஆகவே வேண்டியது, தட்டிச் சரிபார்க்காமலே தானாக மையத்தில் கவ்வும் ஒரு பிடி. மரத்திலேயே விரல்கள் போல் பிளந்து, மேலே மோட்டார் கடையில் கிடைக்கும் ஓஸ் கிளிப்பைப் போட்டு இறுக்கினால் என்ன என்று கேட்டேன். தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூவரசு எடும்மா, நல்லாக் காஞ்சதா" என்றார்.

கட்டையைத் தேர்வதில்தான் பாதி வேலை. நார் ஓட்டம் எந்திரத்தின் அச்சோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சில விரல்கள் வளையும்போது பிஸ்கட் போல் ஒடிந்துவிடும். இரும்புத் தட்டில் நீளமான மரைகளால் கட்டையை முடுக்கினோம், ஏனென்றால் வெட்டுமுனையில் குட்டை மரை நிற்காது. பிறகு அதை அந்த எந்திரத்திலேயே சுழற்றித் தாத்தா வாயைக் குடைந்தார். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டையை எவ்வளவு கோணலாக முடுக்கியிருந்தாலும், சுழலும்போது குடைந்த குழியின் மையம் எந்திரத்தின் மையத்தைவிட்டு விலகாது. பின்னால் கழற்றி மாட்டும்போது அதே நிலையில் பொருந்தும்படி தட்டிலும் கட்டையிலும் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

குழியின் குறுக்களவு 4 செ.மீ., ஆழம் 5 செ.மீ. மூடி முட்டி நிற்க உள்ளே ஒரு சிறு படி. வெளிப்புறத்தைச் சுவர் 1 செ.மீ. கனம் வரும்வரை குறைத்து, வாயருகே கிளிப் வழுக்காமல் உட்கார ஓர் ஆழமில்லாத பள்ளம். வட்டத்தை எட்டாகப் பிரிக்க என் கணிதப் பெட்டியே போதுமாயிருந்தது. செங்குத்தான இரண்டு விட்டங்கள், அப்புறம் கோண இருசமவெட்டி. இதெல்லாம் எதற்கு என்று ஒன்பதாம் வகுப்பில் முணுமுணுத்தவர்களில் என் பக்கத்து இருக்கைக்காரியும் ஒருத்தி!

அறுக்கும் முன் ஒவ்வொரு கோட்டின் அடியிலும் 6 மி.மீ. துளை போட வேண்டும். வாள்வெட்டு அந்த வட்டத் துளையில் போய் நின்றுவிடும். விரல் வளையும்போது பிளவு மேலே ஓடாது. குறுக்கே நான்கு முறை அறுத்தால் எட்டு விரல்கள் கிடைத்துவிடுகின்றன. சுழலும்போது விரல்கள் வெளியே விரியத்தான் பார்க்கும். அதை அடக்குவது கிளிப். அதன் திருகு முட்டி துருத்திக்கொண்டு நிற்பதால் விரல் முட்டியைப் பதம் பார்த்துவிடும் என்று அதன்மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையைச் சுற்றினோம். சட்டைக் கையையும் முந்தானையையும் அருகில் விடவே கூடாது. நான் தாவணியை இழுத்துச் செருகிப் பின்னலையும் கொண்டையாகப் போட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

மூடியின் விளிம்பில் மெல்லிய துணியைச் சுற்றி உள்ளே வைத்துத் திருகினேன். அப்பா மின்சாரம் போட்டார். தாத்தா உளியை வைத்துத் தலையைச் சாய்த்தபடி கேட்டார். காதால்தான் பார்க்கிறாரோ என்று தோன்றியது. "ஆடலை" என்றார். பிறகு அரக்குக் குச்சியை வைத்து அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிச் சிவப்பாய்ப் படர்ந்தது. தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் ஆச்சியின் முகம் அதில் தெரிந்தது.

இதுவரை முப்பத்தாறு சிமிழ்கள் முடிந்திருக்கின்றன. கிளிப்பைத் திருகுவது நான், உளி தாத்தா கையில். பொதுத்தேர்வு வருவதால் மாலையில் அரைமணி நேரம்தான் எனக்கு அனுமதி. எடைக்கு எடுப்பவர் கார்த்திகையில் வந்து கேட்டபோது, தை கழியட்டும், பார்க்கலாம் என்று தாத்தா சொல்லி அனுப்பினார்.