இடமில்லை என்றொரு வசனம்

640 ரூபாயில் ஒரு திரைப்படம் எடுக்க முடியுமா? முடியும் என்று 2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காட்டினார்கள். வைக்கோலுக்கு 100, வண்ணத்தாளுக்கு 120, விண்மீன் கட்ட மூங்கில் குச்சிக்கு 60, அண்டை வீட்டு ஆட்டை வசப்படுத்த வாழைப்பழத்திற்கு 40. மீதிப் பாதி முழுவதும் நடிகர்களின் வடைக்கும் தேநீருக்கும் போயிற்று. இயக்குநர், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகள். கதை, நாம் எல்லாரும் அறிந்த பெத்லகேம் கதைதான்.

கைபேசியே ஒளிப்பதிவுக் கருவி. மர ஏணியின் மூன்றாம் படியில் அதை ரப்பர் வளையங்களால் கட்டினார்கள். தெர்மாகோல் அட்டையை வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, நிழல் விழுந்த முகங்களின்மேல் ஒளியைத் திருப்பினான் என் இளைய மகன். பேச்சைப் பதிவு செய்ய இன்னொரு கைபேசி வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தது. மின்விசிறியின் இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடும் என்பதால் விசிறிகளை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தோம். ஆடோ தனக்கு அளித்த பாத்திரத்தை மறந்து, தீவனக் தொட்டியின் வைக்கோலைத் தின்று, ஒளித்து வைத்த கைபேசியை ஊரறியச் செய்தது.

இது புதிய வேலையன்று. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அசிசியின் பிரான்சிசு அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையுமே இருந்தன. நம் நாட்டில், திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமிட்டுக் காட்டிய படங்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. எளிய பொருள்களைக் கொண்டு இக்கதையை மீண்டும் மீண்டும் கண்முன் நிறுத்தும் ஆசை மனிதரை விட்டதில்லை.

பாத்திரங்களைப் பிள்ளைகளே பங்கிட்டார்கள். தம்பி சூசையப்பர், அவன் மனைவி மரியா. சத்திரக்காரர் யார்? "பெரியப்பாவுக்குத்தான் அதற்கேற்ற மீசை இருக்கிறது" என்றாள் இயக்குநர். சத்திரத்தின் வாசலாக எங்கள் வீட்டு முன்வாசலையே தேர்ந்தாள். என் வசனம் ஒரே சொல்: "இடமில்லை."

அவள் அறியாள். 2015ஆம் ஆண்டு, எங்கள் தந்தை மறைந்த மறு ஆண்டில், இதே வாசற்படியில் தம்பி நின்றான். வேலை போய்விட்டது, மாடியில் இரண்டு அறைகளையாவது கொடுங்கள் என்று கேட்டான். மாடியை நான் வாடகைக்கு விட்டிருந்தேன். பாகப்பிரிவினை முடியட்டும் என்று பேச்சைத் தொடங்கியவன், கோபத்தில் அந்த ஒரு சொல்லில் முடித்தேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு தெருவில் ஆட்டோவில் காத்திருந்தாள். பிறகு ஏழு ஆண்டுகள் அவர்கள் மதுரையில் வாடகை வீட்டிலிருந்தார்கள். "ஒரு கிறிஸ்துமசாவது எல்லாரும் இங்கே இருங்கள்" என்று எண்பத்தொரு வயது அம்மா அழுததனால்தான் அவ்வாண்டு வந்தார்கள்.

படப்பிடிப்பு தொடங்கியது. கதவு தட்டப்பட்டது. திறந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கோலுடன் தம்பி நின்றான். பின்னால் அவன் மனைவி, அம்மாவின் பழைய நீலப்புடவையை முக்காடிட்டிருந்தாள். எனக்கு வாய் எழவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை தம்பி மெல்லச் சொன்னான்: "சும்மா சொல்லுங்கண்ணே. நாடகந்தானே இது."

அவன் குரலில் குத்தல் சிறிதும் இல்லை. எனக்கு உதவத்தான் சொன்னான். அதுவே என்னைச் சுட்டது. நான் கதவை விட்டு விலகி நின்றுவிட்டேன்.

"பெரியப்பா, கதையே மாறிப்போச்சே!" என்று இயக்குநர் தலையில் கைவைத்தாள். சாய்வு நாற்காலியிலிருந்த அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூடிய கதவை மட்டும் படம்பிடித்து, வசனத்தை என் இளைய மகன் குரலில் சேர்த்தார்கள். திருவிழிப்பு இரவுத் திருப்பலிக்குப் பின், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் ஓடியது. பத்து வயதுக் குரலில் சத்திரக்காரர் பேசவே எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அன்றிரவு முற்றத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாடியைக் காலி செய்து தருவதாகச் சொன்னேன். அவன் உடனே ஏற்கவில்லை. "பார்ப்போம்ணே" என்று மட்டும் சொன்னான். ஏழு ஆண்டுக் காயம் பதினோரு நிமிடப் படத்தில் ஆறிவிடுமா? ஆனால் பொங்கலுக்கு அழைக்காமலே வந்தான். 2023 மே மாதம் பாகப்பத்திரம் பதிவாயிற்று. மாடி இப்போது அவனுடையது.

பின்னர் ஒருநாள் லூக்கா நற்செய்தியை எடுத்துப் பார்த்தேன். விடுதியில் இடம் இல்லை என்ற செய்தி இருக்கிறது. சத்திரக்காரர் என்று ஒருவர் அங்கே இல்லை. அவரை நாடகங்களுக்காக நாமே படைத்துக்கொண்டோம். நம்மை நன்கு அறிந்துதான் படைத்திருக்கிறோம் போலும். கதவைச் சாத்துபவனுக்கும் ஒரு முகம் வேண்டுமல்லவா? அந்த முகம் என்னுடையது என்பதை 640 ரூபாய்ப் படமொன்று எனக்குக் காட்டியது.