பூட்டை மாற்றாத திருடர்கள்

தோழர்களே! என்மீது ஒரு குற்றம் உண்டு, நானே ஒப்புக்கொள்ளுகிறேன். மந்திரமாவது மாயமாவது என்று வகுப்பிலே முழங்குகிற நான், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்துக்குத் தீராத அடிமை! 1956-ல் வந்த படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நம் கொங்குச் சீமையின் டி.ஆர். சுந்தரம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சார்பில் எடுத்தார். எம்.ஜி.ஆர். “திறந்திடு சீசேம்” என்றதும் பாறை பிளக்கும். எத்தனை முறை பார்த்தாலும் என் மெய் சிலிர்க்கும். பாறை மூடிய பிறகே பகுத்தறிவு திறக்கும்!

ஏழாம் வகுப்பில் ஒருநாள் இக்கதையைச் சொன்னேன். “ஏனுங் சார், காசு களவு போனதுக்கப்புறமும் திருடங்க அந்தச் சொல்ல மாத்தலீங்களா?” என்றாள் ஒரு சிறுமி. கைப்பேசிக்குக் கடவுச்சொல் வைக்கும் காலத்துப் பிள்ளையன்றோ! நாற்பது பேர், நாடே நடுங்கும் கொள்ளையர். குகைக்கு ஒரு காவலாளி இல்லை. ஊர்கேட்கக் கூவித்தான் கதவைத் திறப்பார்களாம்!

சீசேம் என்பது வேறொன்றுமில்லை, நம் எள். மூலக்கதையில் காசிம் அதை மறந்து, வாற்கோதுமையைக் கூவி மாண்டான். கருமத்தம்பட்டி உழவன் அக்குகையில் சாவானா? கம்பு, சோளம், கொள்ளு என்று தொடங்கி எப்படியும் எள்ளுக்கு வந்துவிடுவானே!

எண்ணெய்க் கணக்குத்தான் என்னைத் தூங்கவிடாதது. மூலத்தில் சாடிகள் 38; ஆள் ஒளிந்தவை 37; எண்ணெய் இருந்தது ஒன்றில். சுமந்த கோவேறு கழுதைகள் 19. ஆளுக்கு 50 கிலோ என்றாலும், சாடியின் எடை நீங்கலாகவே கழுதைக்கு 100 கிலோ! அந்த ஒரு சாடி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி 37 பேரையும் முடித்தாளாம் மார்ஜியானா. முதலாமவன் ‘ஐயோ’ என்று அலறவில்லையா? அடுத்த சாடிக்காரனுக்குச் செவியில்லையா?

இக்கதையை அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709-ல் பாரிசிலே வாய்மொழியாகச் சொல்ல, பிரெஞ்சுக்காரர் அந்துவான் கலான் விரித்தெழுதினார்; அதற்கு முந்திய அரபு ஏட்டில் இது காணப்படவில்லை. வாய்வழி வந்ததில் ஓட்டை விழாதா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அப்பொழுதுதான் வந்தது வினை. எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் ஓட்டம் மந்தம், கூலி நிலுவை. வழியே வந்த ஒருவர் செப்புத்தகடு ஒன்றைத் தந்து, காலையில் உச்சரிக்க ஒரு சொல்லும் ஓதிவிட்டு, அப்பாவிடம் 6,000 ரூபாய் வாங்கிப் போய்விட்டார். கொதித்தேன், கூச்சலிட்டேன். அப்பா அமைதியாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, பாறை தெறக்கறப்ப நீ கை தட்டுனயே, அப்ப மட்டும் இனிச்சுதா?”

வாயடைத்துப் போனேன், தோழர்களே! கற்ற கல்வி கைகொடுக்கவில்லை. குகை திறந்ததற்கு எவரும் என்னிடம் 6,000 கேட்கவில்லை என்ற விடை விடிந்த பிறகே தோன்றியது. அதைச் சொல்லவில்லை, சிறுமியின் கேள்வியையே சற்றுத் திருப்பிக் கேட்டேன். “அப்பா, பக்கத்துக் கொட்டகைக்கு என்ன சொல் கொடுத்தாராம்?”

மாலையில் விசாரித்து வந்தார். அதே தகடு, அதே சொல்! ஊருக்கெல்லாம் ஒரே சாவி!

தகடு இன்னும் தொங்குகிறது. கழற்றும்படி நான் கேட்கவுமில்லை. சென்ற ஞாயிறு இருவரும் மறுபடி படம் பார்த்தோம். பாறை பிளந்தது, நான் கை தட்டினேன். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: “அதெல்லாஞ் செரி, அந்தக் கதவச் செஞ்சவன் ஒருத்தன் இருப்பானே, அவனுக்குச் சொல்லு தெரியாமயா இருக்கும்?”